ஒளிமின்னணு நிறமாலையில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

புதுச்சேரியில், கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள ஓர் ஆய்வகத்தில் ஒளிமின்னணு நிறமாலைமானியை இயக்குவது என் பணி. கடலூரிலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் மாதிரிகளைச் சிறு பிளாஸ்டிக் டப்பிகளில் எடுத்துக்கொண்டு காலைப் பேருந்தில் வந்து இறங்கும் ஆய்வு மாணவர்கள், மாலையில் திரும்பும்போது கையில் ஒரு நிறமாலையும் மனத்தில் ஒரு சந்தேகமுமாகச் செல்கிறார்கள். முகடு நகர்ந்திருக்கிறதே, இது புதிய வேதிநிலையா? எதிர்பாராத இடத்தில் ஒன்று நிற்கிறதே, இது மாசா? இப்படிப்பட்ட கேள்விகளில் பலவற்றுக்கு விடை மாதிரியில் இருப்பதில்லை. அது கதிர் மூலத்திலோ, மாதிரியைப் பிடித்திருக்கும் கிளிப்பிலோ, வெற்றிடத்திலோ, எலக்ட்ரான்களை ஆற்றல்வாரியாகப் பிரித்து எண்ணும் பகுப்பானிலோ இருக்கிறது. அறிகுறி எது என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் காரணத்தைத் தேடும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படை எளிது. எக்ஸ் கதிரோ புறஊதாக் கதிரோ திடப்பொருளின் மீது விழும்போது வெளியேறும் எலக்ட்ரானின் இயக்க ஆற்றலை அளக்கிறோம். ஃபோட்டானின் ஆற்றலிலிருந்து அதையும் பகுப்பானின் வெளியேற்று ஆற்றலையும் (ஒரு பரப்பிலிருந்து எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்த ஆற்றலையும்) கழித்தால், எலக்ட்ரான்கள் நிரம்பிய மேல் எல்லையான ஃபெர்மி மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்ட பிணைப்பாற்றல் கிடைக்கிறது. பிணைப்பாற்றலுக்கு எதிரே எலக்ட்ரான் எண்ணிக்கையை வரைந்தால் வருவதே நிறமாலை; அதில் உயர்ந்து நிற்பவை முகடுகள். 1905இல் ஐன்ஸ்டைன் எழுதிய சமன்பாடுதான் இது. இதை வேதிப்பகுப்பாய்வுக் கருவியாக வளர்த்தெடுத்த ஸ்வீடனின் காய் சீக்பானுக்கு 1981இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இக்கழித்தலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் பிழைபட இடமுண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஆற்றல் எண்கள் அனைத்தும் எலக்ட்ரான்வோல்ட்டில் உள்ளவை.

எந்த அறிகுறி தோன்றினாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. மாதிரித் தாங்கியின் ஓரத்தில் நிரந்தரமாக ஒரு தங்கத் தகடு இருக்கட்டும்; ஐயம் எழுந்த உடனே கதிரை அதன் மீது திருப்பி, அதே கோளாறு அங்கும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குற்றம் கருவியுடையது. தெரியாவிட்டால் மாதிரியுடையது, அல்லது மாதிரியைப் பொருத்திய விதத்துடையது. பொன்னை உரைகல்லில் உரசிப் பார்ப்பது நம் வழக்கம். இங்கே பொன்னே உரைகல்.

எண்ணிக்கை வரவில்லை, அல்லது மிகக் குறைவாக வருகிறது

தங்கத்திலும் வரவில்லை என்றால், மூலத்தின் அடைப்பான் திறந்திருக்கிறதா, வெற்றிட அளவு வரம்பைத் தாண்டியதால் உயர்மின்னழுத்தம் தானாகத் துண்டிக்கப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். அடுத்து மாதிரித் தாங்கிக்கும் தரைக்கும் இடையே ஒரு நுண் அம்மீட்டரை இணையுங்கள். கதிர் விழும்போது எலக்ட்ரான்கள் வெளியேறுவதால் அந்தக் கம்பியில் ஒரு சிறு மின்னோட்டம் தெரிய வேண்டும். மின்னோட்டம் இருந்தும் நிறமாலை இல்லை என்றால் கதிர் மூலம் நன்றாக இருக்கிறது, பகுப்பான் பக்கம்தான் கோளாறு என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தங்கத்தில் வருகிறது, மாதிரியில் மட்டும் குறைகிறது என்றால் பெரும்பாலும் உயரம்தான் காரணம். தங்கத் தகடு அரை மில்லிமீட்டரும் கண்ணாடித் தளத்தில் உள்ள படலம் இரண்டு மில்லிமீட்டரும் தடிமன் கொண்டவை என்றால், இரண்டும் பகுப்பானின் குவியத்தில் ஒரே இடத்தில் இருக்க முடியாது. தாங்கியை மேலும் கீழும் நகர்த்தி, எண்ணிக்கை உச்சமடையும் இடத்தில் நிறுத்துங்கள்.

வெற்றிடம் இறங்க மறுக்கிறது

இது எங்கள் ஊரின் பருவகாலக் கோளாறு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, மாதிரி நுழைவறையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே செல்வது காற்று மட்டுமன்று, நீராவியும்தான். உலர்ந்த நைட்ரஜனை நிரப்பித் திறந்தால் பாதித் தொல்லை குறையும்.

கலத்திலுள்ள வாயுக்களை நிறைவாரியாகக் காட்டும் எஞ்சிய வாயுப் பகுப்பானைப் பார்க்காமல் கசிவைத் தேடத் தொடங்காதீர்கள். நிறை எண் 18இல் உயர்ந்த முகடும் 17இல் அதன் துணையும் இருந்தால் அது நீராவி, சுவர்களில் ஒட்டியிருப்பது. கலத்தை 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஒன்றிரண்டு நாள் வைத்திருந்தால் போய்விடும். 28, 32 ஆகியவை நான்குக்கு ஒன்று என்ற அளவில் தெரிந்து, 14, 40 ஆகியவையும் உடனிருந்தால் அது வெளிக்காற்று, எங்கோ கசிகிறது. 28 மட்டும் இருந்து 32 இல்லை என்றால் அது பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு, கசிவு அன்று. 40 மட்டும் தனித்து நின்றால், பரப்பைத் துலக்கும் ஆர்கான் அயனித் துப்பாக்கியை நேற்று இயக்கியது யார் என்று பதிவேட்டைப் பாருங்கள். ஆர்கானை அயனி பம்ப் எளிதில் விழுங்குவதில்லை.

கசிவுதான் என்று உறுதியானால், அந்த வாயுப் பகுப்பானை நிறை எண் 4இல் நிறுத்தி, ஹீலியத்தை ஃபிளாஞ்சுகளின் மேல் மெல்லியதாகப் பாய்ச்சுங்கள். மேலிருந்து கீழாக வாருங்கள். ஹீலியம் மேலெழும் வாயு என்பதால், கீழிருந்து தொடங்கினால் மேலே உள்ள ஓட்டை கீழே உள்ளதுபோல் பொய் சொல்லும்.

இவ்வளவு வெற்றிடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வந்து மோதும் மூலக்கூறுகள் அனைத்தும் ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொண்டால், 10⁻⁹ மில்லிபாரில் சுமார் 20 நிமிடங்களில் தூய பரப்பின் மீது ஓர் அணுவடுக்கு மாசு படிந்துவிடும். 10⁻¹⁰ மில்லிபாரில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். நாம் அளக்கும் எலக்ட்ரான்களோ பரப்பின் கீழே ஒரு சில நானோமீட்டர் ஆழத்திலிருந்து மட்டுமே தப்பி வருபவை. இயக்க ஆற்றல் 1000 அளவில் இருக்கும்போது தப்பிக்கும் நீளம் இரண்டு நானோமீட்டரையொட்டியும், 50 முதல் 100 வரை இருக்கும்போது அரை நானோமீட்டரையொட்டியும் இருக்கும். ஓர் அடுக்கு மாசு என்பது புறஊதா அளவீட்டில் பாதிச் செய்தியை மறைத்துவிடும் திரை.

முகடுகள் அனைத்தும் ஒரே பக்கம் நகர்ந்திருக்கின்றன

மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுவே; ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

முதலில் ஆற்றல் அளவுகோலைச் சோதியுங்கள். தூய்மை செய்யப்பட்ட தங்கத்தின் 4எஃப் 7/2 முகடு 83.96இலும், வெள்ளியின் 3டி 5/2 முகடு 368.21இலும், செம்பின் 2பி 3/2 முகடு 932.62இலும் அமர வேண்டும் (4எஃப், 3டி, 2பி, 1எஸ் போன்றவை எலக்ட்ரான் புறப்பட்ட அணு மட்டத்தின் பெயர்கள்). மூன்றும் ஒரே அளவு விலகியிருந்தால் பூச்சியப் புள்ளி, அதாவது பகுப்பானின் வெளியேற்று ஆற்றலுக்குக் கொடுத்த எண், தவறு. தங்கம் சரியாக இருந்து செம்பு மட்டும் விலகியிருந்தால் அளவுகோலே நீண்டோ சுருங்கியோ இருக்கிறது. அதை ஓர் எண்ணைக் கழித்துச் சரிசெய்ய முடியாது, மின்னழுத்த அலகை மறுசீரமைக்க வேண்டும். தங்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் செம்பைப் பாராமல் விடுவது, தராசின் முள்ளை வெறுந்தட்டில் மட்டும் பார்த்துவிட்டு மூட்டையை நிறுப்பதற்கு ஒப்பாகும்.

அளவுகோல் சரியாக இருந்து மாதிரியில் மட்டும் முகடுகள் உயர்ந்த பிணைப்பாற்றல் பக்கம் நகர்ந்திருந்தால், அது மின்னேற்றம். எலக்ட்ரான்கள் வெளியேறிக்கொண்டே இருக்க, மின்கடத்தாப் பொருள் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாமல் நேர்மின்னேற்றம் பெறுகிறது. பின்னர் வரும் எலக்ட்ரான்களை அது பிடித்திழுப்பதால் அவற்றின் இயக்க ஆற்றல் குறைகிறது. உறுதிசெய்ய எளிய வழி, எக்ஸ் கதிரின் திறனைப் பாதியாக்கிப் பார்ப்பது. முகடு நகர்ந்தால் மின்னேற்றம். அசையாமல் நின்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

கடத்தும் படலத்திலும் இது நேரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணாடியின் மேல் பூசப்பட்ட ஆக்சைடுப் படலம் நன்றாக மின்சாரம் கடத்தலாம். ஆனால் கண்ணாடிக்கு அடியில் கார்பன் டேப் ஒட்டித் தாங்கியில் வைத்தால், படலத்துக்கும் தாங்கிக்கும் நடுவே கண்ணாடி சுவராக நிற்கிறது. படலத்தின் மேற்பரப்பைத் தொட்டபடி ஒரு செம்பு கிளிப்பையோ வெள்ளிப் பசைக் கோட்டையோ தாங்கிவரை கொண்டு வந்தால்தான் இரண்டின் ஃபெர்மி மட்டமும் ஒன்றாகும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் படலத்தின் ஓரத்திலும் மறுமுனையைத் தாங்கியிலும் வைத்துப் பார்க்காமல் நான் எந்தப் படலத்தையும் உள்ளே அனுப்புவதில்லை. வெள்ளிப் பசையைப் பயன்படுத்தினால் ஓர் இரவு நுழைவறையில் வைத்து அதன் கரைப்பான் முழுவதும் வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும்.

இனி, கடினமான வகை: முகடு நகர்வதோடு அகன்றும் கோணலாகியும் விடுகிறது. நெய்வேலி அனல்மின் நிலையப் பகுதியின் பறக்கும் சாம்பலை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களுக்கிடையே தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும் அந்தத் தூளில், கண்ணாடி போன்ற அலுமினோசிலிக்கேட் உருண்டைகளும் இரும்பு ஆக்சைடு கலந்த துகள்களும் எரியாத கரித்துகள்களும் அருகருகே இருக்கின்றன. ஒன்று கடத்தும், ஒன்று கடத்தாது. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு மின்னேற்றம் பெறுவதால், சிலிக்கானின் ஒரே 2பி முகடு இரண்டாகப் பிரிந்ததுபோல் தோன்றும். அதை இரண்டு வேதிநிலைகள் என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது!

இப்படிப்பட்ட தூளுக்கு நான் கைக்கொள்ளும் முறை இது. தூளை வெண்தாளில் பரப்பி, தாளுக்கு அடியில் சிறு காந்தத்தை நகர்த்துகிறேன். துகள்கள் பின்தொடர்ந்து ஊர்ந்தால், எலக்ட்ரான்களைக் குவிக்கும் காந்த வில்லை உள்ள கருவியில் அந்த வில்லையை இயக்காமல் நிலைமின் முறையில் மட்டும் அளக்கிறேன், ஏனெனில் காந்தப்புலம் தளர்ந்த துகள்களைத் தூக்கி வில்லைக்குள் இழுத்துக்கொள்ளும், பிறகு அதைத் தூய்மைசெய்வது மாதக்கணக்கான வேலை. அடுத்து, இண்டியம் தகட்டில் தூளை அழுத்திப் பதிக்கிறேன். ஊதினால் பறக்கக்கூடிய துகள் எதுவும் மீதமிருக்கக் கூடாது. பின்னர் மாதிரியைத் தரையிலிருந்து முற்றிலும் துண்டித்துவிடுகிறேன். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பாதி தரையோடும் பாதி அந்தரத்திலுமாக இருப்பதைவிட, முழுவதும் அந்தரத்தில் இருந்தால் சமன்செய்யும் எலக்ட்ரான் துப்பாக்கி மாதிரி முழுவதையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிடும். துப்பாக்கியின் மின்னோட்டத்தை மெல்ல உயர்த்தி, கார்பன் 1எஸ் முகடு மிகக் குறுகலாகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்நிலையில் முகடுகள் எல்லாம் இரண்டு மூன்று எலக்ட்ரான்வோல்ட் தாழ்ந்த பக்கம் போயிருக்கலாம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. இங்கே முதலில் வேண்டுவது குறுகல். இடத்தைப் பிறகு திருத்தலாம்.

திருத்துவது எதைக்கொண்டு என்பதில் ஒரு வம்பு உண்டு. காற்றில் இருந்த எந்தப் பரப்பிலும் படிந்திருக்கும் கார்பனின் 1எஸ் முகட்டை 284.8இல் நிறுத்தி, மற்றவற்றை அதே அளவு நகர்த்துவது நெடுநாள் வழக்கம். ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரெசின்ஸ்கியும் ஹல்ட்மனும் பல கடத்தும் பரப்புகளை அளந்து, அந்தக் கார்பன் முகடு பரப்புக்குப் பரப்பு மாறுகிறது என்றும், அதன் பிணைப்பாற்றலையும் பரப்பின் வெளியேற்று ஆற்றலையும் கூட்டினால் 289.58 என்ற ஏறத்தாழ மாறா எண் கிடைக்கிறது என்றும் காட்டினார்கள். படிந்த கார்பன் படலம் ஃபெர்மி மட்டத்தோடு இணையாமல் வெற்றிட மட்டத்தோடு, அதாவது பரப்பைவிட்டு வெளியே வந்து ஓய்ந்திருக்கும் எலக்ட்ரானின் ஆற்றலோடு, இணைகிறது என்பதே இதன் பொருள். ஆகவே 284.8ஐக்கொண்டு திருத்திய எண்ணை வைத்து 0.2 அளவிலான வேதி நகர்வைப் பற்றி வாதாடுவதை நான் ஏற்பதில்லை. முகடுகளுக்கு இடையேயுள்ள தொலைவைப் பற்றிப் பேசுங்கள். மின்னேற்றம் சீராக இருந்தால் அது மாறாது.

மாதிரியில் இல்லாத தனிமம் தெரிகிறது

இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் மூன்றைக் கணக்கிட்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரே ஆற்றல் கொண்ட கதிரை மட்டும் பிரித்தெடுக்கும் ஒற்றைநிறமாக்கி இல்லாத அலுமினிய மூலத்தில், 1486.6 என்ற முதன்மைக் கோட்டோடு சற்று உயர்ந்த ஆற்றலில் துணைக்கோடுகளும் வருகின்றன. எனவே ஒவ்வொரு வலிய முகட்டுக்கும் 9.8, 11.8 குறைந்த பிணைப்பாற்றலில் முறையே 6, 3 சதவீத அளவில் குட்டிகள் நிற்கும். 1253.6 தரும் மக்னீசிய மூலத்தில் அத்தொலைவுகள் 8.4, 10.1. அலுமினியமும் மக்னீசியமும் சேர்ந்திருக்கும் இரட்டை நேர்மின்வாய்க் கருவியில் மக்னீசியத்தை இயக்கும்போது அலுமினியக் கதிரும் கசிந்தால், உண்மை முகட்டுக்கு 233 குறைவான இடத்தில் அதன் ஆவி, அதாவது பொய் முகடு, தோன்றும். 531இல் உள்ள ஆக்சிஜன் முகட்டின் ஆவி 298இல், பொட்டாசியத்தின் 2பி முகடுகள் அமரும் இடத்துக்கு அருகில் வந்து நின்று ஏமாற்றப் பார்க்கும். அலுமினியப் பூச்சு தேய்ந்து அடியிலுள்ள செம்பு வெளிப்பட்டுவிட்டால், 929.7 ஆற்றல் கொண்ட செம்புக் கோட்டால் உண்மை இடத்துக்கு 556.9 கூடுதலான இடத்தில் ஆவிகள் வரும். நேர்மின்வாயை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

ஓஜே முகடுகளின் கதை வேறு. உள்மட்டத்தில் உண்டான காலியிடத்தை மேலுள்ள ஓர் எலக்ட்ரான் நிரப்பும்போது விடுபடும் ஆற்றலால் வெளியேறும் மற்றோர் எலக்ட்ரானின் முகடுகள் அவை. அவற்றின் இயக்க ஆற்றல் ஃபோட்டானைச் சார்ந்ததன்று. மூலத்தை அலுமினியத்திலிருந்து மக்னீசியத்துக்கு மாற்றினால், ஒளிமின்னணு முகடுகள் பிணைப்பாற்றல் அளவுகோலில் அசையாமல் நிற்க, ஓஜே முகடுகள் மட்டும் 233 அளவு இடம்பெயரும். இதைச் சோதிக்காமல் விட்டு நானே ஒருமுறை தலைகுனிந்திருக்கிறேன்.

கடலூரிலிருந்து ஒரு மாணவி, சாதாரணச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியில் டின் (வெள்ளீய) ஆக்சைடு படலம் பூசி, உலையில் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். டின்னின் 3டி இரட்டை முகடுகள் 486.6இலும் 495இலும் வர வேண்டும். பரப்பளவு மூன்றுக்கு இரண்டு என்று இருக்க வேண்டும், ஏனெனில் அது சுழற்சி–சுற்றுப்பாதை இணைவு விதிக்கும் விகிதம், வேதியியலுக்கு அதில் கைவைக்க இடமில்லை. எங்களுக்குக் கிடைத்ததோ ஏறத்தாழச் சம அளவு. 495 முகட்டின் இடத்தோளில் ஒரு வீக்கம் (பிணைப்பாற்றல் இடப்பக்கம் உயரும்படி நிறமாலையை வரைவது வழக்கம்). "சார், ரெண்டு வகை டின் இருக்குமோ?" என்று அவர் கேட்டார், இருக்கலாம் என்று நானும் தலையாட்டினேன். இரண்டாம் வகை டின் இருந்தால் 486.6 முகட்டிலும் அதே வீக்கம் தெரிந்திருக்க வேண்டுமே என்பது அன்று என் மண்டையில் உறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, எல்லா ஆற்றல்களையும் ஒருசேரக் காட்டும் அகல அளவீட்டை மீண்டும் விரித்துப் பார்த்தபோது 1072இல் சோடியத்தின் 1எஸ் முகடு ஓங்கி நின்றது. அலுமினியக் கதிரில் சோடியத்தின் ஓஜே முகடு 497இல் விழும். டின்னின் சிறிய முகட்டின் தோளில் ஏறிக்கொண்டிருந்தது அதுதான். மக்னீசியத்துக்கு மாற்றியதும் அது 264க்கு ஓடிவிட, டின் மூன்றுக்கு இரண்டாக அமைதியடைந்தது.

சோடியம் எங்கிருந்து வந்தது என்பது அடுத்த கேள்வி. கடற்கரை ஊரில் உப்புக்காற்றின் மீது பழிபோடுவது எளிது; கையுறை இல்லாமல் தொட்ட விரலின் வியர்வையும் அதே உப்பைத்தான் வைக்கும். அவ்வாறானால் 198, 199 அளவில் குளோரினின் 2பி முகடும் இருக்க வேண்டும். அந்தப் படலத்தில் குளோரின் இல்லை. சுடும்போது கண்ணாடியின் உள்ளிருந்த சோடியம் படலத்தின் வழியே மேலேறி வந்திருந்தது. அடுத்த தொகுதியைக் குவார்ட்ஸ் தளத்தில் பூசியதும் சோடியம் மறைந்தது.

சிலிக்கான் எதிர்பாராமல் தெரிந்து, அதன் 2பி முகடு 102 அருகில் இருந்தால் அது பெரும்பாலும் சிலிகோன். டப்பியின் மூடி, டேப், கிரீஸ் ஆகியவற்றிலிருந்து வருவது. மாதிரிகளை அலுமினியத் தாளில் மடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அளக்க அளக்க வேதிநிலை மாறுகிறது

மேற்பரப்பு மாசை நீக்க ஆர்கான் அயனிகளால் தாக்கிய உடனே டைட்டானியம் ஆக்சைடில் 458.6 அருகே இருந்த முகட்டின் வலப்பக்கம் 457 அளவில் புதிய தோள் முளைத்தால், அது உங்கள் மாதிரியின் ஆக்சிஜன் குறைபாடு அன்று. அயனிகள் ஆக்சிஜனை முதலில் தட்டிவிட்டதால் நீங்களே உண்டாக்கிய மூவிணைதிற டைட்டானியம். ஆக்சைடுகளை அயனியால் துலக்குவதை நான் கூடியவரை தவிர்க்கிறேன்.

செம்பு ஆக்சைடு எக்ஸ் கதிரிலேயே மெல்ல ஒடுக்கமடையும். ஆகவே செம்பின் 2பி பகுதியை நாளின் கடைசியில் அளக்காமல் முதலிலும், பிறகு முடிவிலும் அளந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். 940 முதல் 945 வரையுள்ள அகன்ற துணைமுகடு ஈரிணைதிறச் செம்பின் அடையாளம்; முடிவில் அது தேய்ந்திருந்தால் கதிர் வேலை செய்துவிட்டது. உலோகச் செம்பையும் ஓரிணைதிறச் செம்பையும் 2பி முகட்டால் பிரிக்க முடியாது. ஓஜே முகட்டின் இயக்க ஆற்றல்தான் பிரிக்கும்: உலோகத்துக்கு 918.6, ஓரிணைதிற ஆக்சைடுக்கு 916.8.

புறஊதா அளவீட்டில் வெட்டுமுனையும் ஃபெர்மி விளிம்பும் ஒத்துவரவில்லை

ஒரு சிறு குறிப்பு: புறஊதா ஒளிமின்னணு நிறமாலையியலை நாங்கள் யுபிஎஸ் என்கிறோம்; மின்தடையின்போது உதவும் பேட்டரிப் பெட்டியும் யுபிஎஸ்தான். "யுபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று நான் அனுப்பிய குறுஞ்செய்தியைப் பார்த்து எங்கள் மின்பணியாளர் இரண்டு பேட்டரிகளைத் தோளில் சுமந்து மாடியேறி வந்திருக்கிறார். இவ்விரண்டுக்கும் உண்மையில் தொடர்பும் உண்டு, மின்னழுத்தம் ஏறி இறங்கினால் ஹீலியம் விளக்கு நடுங்கும்.

ஹீலியம் விளக்கின் முதல் கோடு 21.22. ஃபெர்மி விளிம்பிலிருந்து மிக மெதுவான எலக்ட்ரான்களின் வெட்டுமுனைவரை உள்ள அகலத்தை 21.22இலிருந்து கழித்தால் பரப்பின் வெளியேற்று ஆற்றல் கிடைக்கும். கிடைக்கும் எண் மாதிரி எதுவானாலும் ஒன்றாகவே இருக்கிறது என்றால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது பகுப்பானின் வெளியேற்று ஆற்றலை. மாதிரியினுடையது பகுப்பானுடையதைவிடக் குறைவாக இருக்கும்போது, மெதுவான எலக்ட்ரான்கள் பகுப்பானின் வாசலைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடுகின்றன. மாதிரிக்கு எதிர் 5 முதல் 10 வோல்ட் வரை கொடுத்தால் அவை தள்ளப்பட்டு உள்ளே வரும். அப்போது மாதிரி பகுப்பானை நேராகப் பார்த்திருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் அந்த மின்புலமே எலக்ட்ரான்களை ஓரம் தள்ளிவிடும்.

வெட்டுமுனை செங்குத்தாக இல்லாமல் சரிந்து கிடந்தால், காந்தப்புலத்தைச் சந்தேகியுங்கள். நம் பகுதியில் புவிக்காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆயிரத்துக்கு மேல் ஆற்றல் கொண்ட எலக்ட்ரானை அது மீட்டர்க்கணக்கான ஆரத்தில்தான் வளைக்கும்; ஒரே ஒரு எலக்ட்ரான்வோல்ட் கொண்டதையோ எட்டு சென்டிமீட்டர் ஆரத்தில் சுருட்டிவிடும். இதைத் தடுக்கத்தான் கலத்துக்குள் மியூ-மெட்டல் உறை இருக்கிறது. உறை நன்றாக இருந்தும் கோளாறு என்றால், காந்தமான திருகாணியோ எஃகுக் கிளிப்போ மாதிரித் தாங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒரு திருகாணியைத் தேடி நான் இரண்டு நாள் செலவிட்டதுண்டு.

ஃபெர்மி விளிம்பு மங்கலாக இருக்கிறது என்ற குறையைத் தங்கத்தில் சோதியுங்கள். அறை வெப்பநிலையில், கருவி குறையே அற்றதாக இருந்தாலும், 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்க 0.11 அகலம் ஆகும். அது வெப்பத்தின் பங்கு. அதற்கு மேல் உள்ளதே கருவியின் பங்கு. மாதிரியில் மட்டும் விளிம்பே இல்லை என்றால் அது குறைக்கடத்தியாக இருக்கலாம். அங்கே ஃபெர்மி மட்டத்தை மாதிரியில் தேடாமல் தங்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெர்மி விளிம்புக்கு மேலே, எலக்ட்ரானே இருக்கக் கூடாத இடத்தில் சிறு மேடு தெரிந்தால், 23.09 ஆற்றல் கொண்ட ஹீலியத் துணைக்கோட்டின் வேலை அது.

கோணவாரி அளவீட்டில் பட்டைகள் தெரியவில்லை

எலக்ட்ரான்களைக் கோணம் கோணமாக அளந்து, அவற்றின் ஆற்றல் அலைத்திசையனோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுகளான பட்டைகளை வரைவது கோணவாரி அளவீடு. பட்டைகளின் இடத்தில் சாம்பல் நிற மேகம் மட்டும் தெரிந்தால், பரப்பு ஒழுங்கற்றது அல்லது பழையது. வெற்றிடத்துக்குள்ளேயே பிளந்த படிகத்தை முதல் சில மணி நேரத்தில் அளந்துவிட வேண்டும். பட்டைகள் தெரிந்து, நடுப்புள்ளியின் இருபுறமும் சமச்சீர் இல்லாவிட்டால், கதிரின் முனைவாக்கத்தால் ஒருபக்கம் மங்குவதும் உண்டு, படிகம் சாய்ந்திருப்பதும் உண்டு. வேறுபடுத்தும் வழி எளிது: மங்கலில் ஒளிர்வு மாறும், இடம் மாறாது, சாய்வில் இடமே மாறும்.

சாய்வு சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். பரப்புக்கு இணையான அலைத்திசையன், ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு என்ற அலகில், இயக்க ஆற்றலின் வர்க்கமூலத்தை 0.512ஆலும் கோணத்தின் சைனாலும் பெருக்கினால் கிடைப்பது. ஹீலியம் விளக்கில் ஃபெர்மி மட்ட எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் 17 அளவில் இருப்பதால், ஒரு டிகிரிப் பிழை 0.037 ஆகிறது. செம்புப் படிகத்தின் 111 என்ற முகப்பில், பரப்பில் மட்டுமே இருக்கும் எலக்ட்ரான்களின் பரப்புநிலைப் பட்டை ஃபெர்மி மட்டத்தைக் கடப்பது 0.2ஐ ஒட்டிய இடத்தில். அதில் ஆறில் ஒரு பங்கு ஒரே டிகிரியில் போய்விடும். அந்தப் பரப்புநிலையையே நான் சோதனைக்குப் பயன்படுத்துகிறேன். 0.4 ஆழத்தில் அடிப்புள்ளி கொண்ட அந்தப் பரவளையம் கூர்மையாக வந்தால் பரப்பும் கோணமும் பகுப்பானும் ஒருசேரச் சரி. பரப்புக்குச் செங்குத்தான திசையில் பட்டை எப்படி ஓடுகிறது என்று அறிய வேண்டுமானால் விளக்கு போதாது. ஃபோட்டான் ஆற்றலை விரும்பியபடி மாற்றக்கூடிய சின்க்ரோட்ரானுக்குத்தான் செல்ல வேண்டும், நம் நாட்டில் அது இந்தூரில் உள்ள 2.5 ஜிகாஎலக்ட்ரான்வோல்ட் இண்டஸ்-2.

பொருத்திய வளைகோடு மிக அழகாக இருக்கிறது

இதையும் கோளாறாகவே கருதுகிறேன். ஒரு முகட்டுக்குள் ஆறு சிறு முகடுகளை வைத்தால் எந்த நிறமாலையும் பொருந்திவிடும். இரட்டை முகடுகளுக்கு விகிதத்தையும் இடைவெளியையும் முன்னரே கட்டிவிடுங்கள்: பி மட்டத்துக்கு இரண்டுக்கு ஒன்று, டி மட்டத்துக்கு மூன்றுக்கு இரண்டு, எஃப் மட்டத்துக்கு நான்குக்கு மூன்று, தங்கத்தின் 4எஃப் இணைக்கு இடைவெளி 3.67. உலோகங்களின் முகடு இயல்பாகவே உயர்ந்த பிணைப்பாற்றல் பக்கம் வால் நீண்டிருக்கும், ஏனெனில் வெளியேறும் எலக்ட்ரான் ஃபெர்மி மட்டத்தருகே உள்ள எலக்ட்ரான்களைக் கிளறிவிட்டுச் செல்கிறது. அங்கே சமச்சீர் வளைகோட்டை வைத்தால் அந்த வாலை நிரப்ப ஒரு பொய் ஆக்சைடு பிறக்கும். இரும்பின் 2பி முகட்டில் பன்மைப் பிளவு, அதாவது ஒரே ஆக்சிஜனேற்ற நிலையே பல மேடுகளாகப் பிரிவது, இயல்பானது என்பதால், அதில் தெரியும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஓர் ஆக்சிஜனேற்ற நிலையைப் பெயரிடுவது வீண்.

ஐயத்துக்குரிய ஒரு சிறு முகடு உண்மையா என்று பார்க்க, பின்புலக் கோட்டின் முனைப்புள்ளியை ஒரு எலக்ட்ரான்வோல்ட் அப்படியும் இப்படியும் நகர்த்தி மீண்டும் பொருத்துங்கள். அந்த முகட்டின் பரப்பளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாறினால், அதை அட்டவணையில் சேர்க்க வேண்டாம்.